சூரன்போரில் சூரபத்மன், மகாபாரதத்தில் தாரகன்: முருகன் வென்றது யாரை?

பனங்கூடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். என் மகள் உயர்தரத்தில் இந்து நாகரிகம் படிக்கிறாள். காளிதாசரின் குமாரசம்பவக் கதைச் சுருக்கத்தையும், மகாபாரதத்தில் ஸ்கந்தனைப் பற்றி வரும் பகுதியையும் கடந்த வாரம் வாசித்தவள், இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சிவபெருமானுக்குக் குமாரன் பிறக்க வேண்டும் என்று தேவர்கள் வேண்டியது தாரகாசுரனை அழிப்பதற்காக என்றே அந்த நூல்கள் சொல்கின்றன. அவற்றில் சூரபத்மன் என்ற பெயரே இல்லை. "அப்படியென்றால் அப்பா, நாங்கள் ஐப்பசியில் ஆறு நாள் விரதம் இருந்து பார்க்கிற சூரன் எங்கிருந்து வந்தான்? பின்னால் யாரோ சேர்த்த கதையைத்தான் நாங்கள் மூலக் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமா?" என்று கேட்டாள்.

சென்ற வருடம் எங்கள் ஊர்க் கோயில் சூரன்போரின்போது அவள் தெற்கு வீதியில் சூரனுக்கு மிக அருகில் நின்றாள். தோளில் தூக்கியவர்கள் வியர்வையில் நனைந்தபடி சூரனைக் குலுக்கி ஆட்டுவதையும், வேல் பட்டதும் ஒருவர் ஏறி யானைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையைப் பொருத்துவதையும், கடைசியில் மாமரக் கொப்பு வந்ததும் சுற்றியிருந்த பெண்கள் "அரோகரா" என்று கையெடுத்துக் கும்பிடுவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். அந்தக் காட்சி மனத்தில் பதிந்ததால்தான் இப்போது இந்தக் கேள்வி அவளை இவ்வளவு வருத்துகிறது என்று நினைக்கிறேன். "நம்பு" என்று மட்டும் சொல்லி அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஏட்டுவாசகன் எழுதியது:

ஐயா, மகளிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அவள் நூல்களில் கண்ட தாரகனைச் சென்ற வருடமே நேரில் பார்த்துவிட்டாள். வேல் பட்டதும் கழற்றப்பட்ட யானைத் தலைதான் தாரகன். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சூரபத்மன் மூத்தவன், சிங்கமுகன் இளையவன், யானைமுகமுடைய தாரகன் கடைசித் தம்பி. முருகன் முதலில் வெல்வதும் தாரகனைத்தான். வடமொழிக் காவியத்தில் கதையின் உச்சமாக இருப்பது கந்தபுராணத்தில் உற்பத்தி காண்டத்தின் இறுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அசுர காண்டமும் மகேந்திர காண்டமும் கடந்து, யுத்த காண்டத்தில்தான் சூரனுடைய போர் வருகிறது.

அடுத்தது, சூரன் பின்னால் சேர்க்கப்பட்டவனா என்ற கேள்வி. நான் முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: தமிழைப் பொறுத்தவரை சூரன் தாரகனுக்கும் முந்தியவன். திருமுருகாற்றுப்படையில் முருகனுடைய வேலுக்குக் கொடுக்கப்படும் அடைமொழி "சூர்முதல் தடிந்த சுடரிலை நெடுவேல்" என்பது (தடிந்த என்றால் வெட்டிய). இன்னும் சில அடிகள் தள்ளி, "அவுணர் நல்வலம் அடங்கக் கவிழிணர் மாமுதல் தடிந்த மறுஇல் கொற்றத்து" என்று வருகிறது. பரிபாடலின் ஐந்தாம் பாடலும் கடலுள் புகுந்து "சூர் மாமுதல்" தடிந்த செயலைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையில் மலைக்குறவர் பாடும் பாட்டை மகளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்:

"சீர்கெழு செந்திலும் செங்கோடும் வெண்குன்றும்
ஏரகமும் நீங்கா இறைவன்கை வேலன்றே
பாரிரும் பௌவத்தின் உள்புக்குப் பண்டொருநாள்
சூர்மா தடிந்த சுடரிலைய வெள்வேலே"

கடல், சூர், மாமரம், வேல் ஆகிய நான்கும் இந்த நான்கு அடிகளுக்குள் இருக்கின்றன. மகள் தெற்கு வீதியில் கண்ட மாமரக் கொப்பும் இதற்குள் இருக்கிறது. "மா" என்ற சொல் விலங்கையும் குறிக்குமே என்று யாராவது கேட்கலாம், நல்ல கேள்விதான். ஆனால் திருமுருகாற்றுப்படை "கவிழிணர்" என்று அடை கொடுக்கிறது. கீழ்நோக்கிக் கவிழ்ந்த பூங்கொத்துகள் மரத்துக்கு உண்டு, விலங்குக்கு இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பழைய பாடல்களில் இருப்பது "சூர்" மட்டுமே, "சூரபத்மன்" இல்லை. அவனுக்குத் தாய் தந்தையரோ, தம்பியரோ, தலைநகரோ அங்கே சொல்லப்படவில்லை. சூர் என்பது மலையிலும் நீரிலும் உறைந்து மனிதரை நடுங்க வைக்கும் தெய்வத்தன்மைக்குப் பெயர். அதே திருமுருகாற்றுப்படையில் "சூரர மகளிர்" மலைச்சோலையில் ஆடுகிறார்கள். அவர்களும் அச்சம் தரும் தெய்வப் பெண்களே. அந்த அச்சத்தின் வேரை ("முதல்" என்ற சொல்லின் பொருள் இங்கே இதுதான்) வேல் வெட்டியது என்பதே தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி.

வடமராட்சி வரலாறு எழுதியது:

ஏட்டுவாசகன் ஐயா சொன்னவை தமிழ்ப் பக்கத்தைத் தெளிவாக்கிவிட்டன. வடமொழிப் பக்கத்திலும் கதை ஒன்றாக இல்லை என்பதைச் சொல்வதற்காக எழுதுகிறேன். "மூலக் கதை எது?" என்று கேட்கும்போது, வடக்கில் ஒரே கதை நிலையாக இருந்தது, நாங்கள்தான் அதை மாற்றினோம் என்று நினைத்துவிடுகிறோம். அது சரியன்று.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் ஸ்கந்தன் அக்கினிக்கும் சுவாகாவுக்கும் பிறக்கிறான். ஏழு முனிவருடைய மனைவியரில் அருந்ததி தவிர்ந்த அறுவரின் வடிவத்தைச் சுவாகா ஒவ்வொன்றாக எடுத்தாள் என்றும், அருந்ததியின் வடிவத்தை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை என்றும் அங்கே சொல்லப்படுகிறது. இந்திரன் அந்தப் பிள்ளைக்கு அஞ்சி வச்சிராயுதத்தால் எறிய, பிள்ளையின் வலப்பக்கத்தில் இருந்து விசாகன் தோன்றுகிறான். பின் இந்திரனே சரணடைந்து அவனைத் தேவசேனாபதி ஆக்குகிறான். அங்கே ஸ்கந்தன் கொல்லும் அசுரன் யார் தெரியுமா? மகிடாசுரன். பிற்காலத்தில் துர்க்கையின் வெற்றியாகப் போற்றப்பட்ட அதே மகிடன். சல்லிய பர்வத்துக்குப் போனால் தாரகனும் வருகிறான், மகிடனும் வருகிறான், பிளக்கப்படும் கிரௌஞ்ச மலையும் வருகிறது. ஒரே இதிகாசத்துக்குள்ளேயே இரண்டு விதமாக இருக்கிறது. குமாரசம்பவத்திலோ, காளிதாசர் எழுதியவை என்று பெரும்பாலோர் ஏற்கும் முதல் 8 சருக்கங்களில் குமாரன் பிறக்கவே இல்லை. பிறப்பும் தாரகவதமும் 17 சருக்கங்கள் கொண்ட நூலின் பிற்பகுதியில்தான் உள்ளன.

பெயர்களின் வரலாறு இன்னும் வியப்பானது. இருக்கு வேதத்தின் பெருந்தெய்வங்களுள் ஸ்கந்தன் இல்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில், நாரதருக்கு ஞானம் உபதேசித்த சனத்குமாரரை "ஸ்கந்தன் என்று அழைப்பர்" என ஒரு வரி வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பதஞ்சலி, பாணினியின் இலக்கணத்துக்கு உரை எழுதும்போது, சிவன், ஸ்கந்தன், விசாகன் ஆகியோரின் திருவுருவங்களை உதாரணமாகக் காட்டுகிறார். ஸ்கந்தனும் விசாகனும் அங்கே தனித்தனிப் பெயர்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் குஷாண அரசன் ஹுவிஷ்கன் வெளியிட்ட பொற்காசுகளில் ஸ்கந்த குமாரன், விசாகன், மகாசேனன் என்ற பெயர்கள் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டு, அவர்கள் தனித்தனி உருவங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இன்றைய ஹரியானாப் பகுதியில் ஆண்ட யௌதேயர் தங்கள் காசில் ஆறுமுகக் கடவுளைப் பொறித்து, அவரைப் "பிரமண்யதேவர்" என்று எழுதினார்கள். நாங்கள் "சுப்பிரமணியர்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் உறவு காதில் விழுகிறது. 5ஆம் நூற்றாண்டில் குப்தப் பேரரசன் குமாரகுப்தனின் காசில் மயில்மேல் அமர்ந்த கார்த்திகேயரைக் காண்கிறோம். அவனுக்குப் பின் வந்தவன் பெயரே ஸ்கந்தகுப்தன். அரசர் போர்த்தெய்வத்தின் பெயரைத் தம் பெயராகச் சூடிய காலம் அது.

ஆகவே பல இடங்களில் பல பெயர்களால் வழிபடப்பட்ட தெய்வங்களின் சேர்க்கையாகவே வடக்கின் ஸ்கந்தனும் உருவானான் என்று கொள்ள வேண்டும். தமிழ் முருகன் அவனோடு இணைந்ததும் அந்த நீண்ட இணைப்பின் ஒரு பகுதியே.

இன்னொன்று. வன பர்வத்தில் ஸ்கந்தனின் உடலில் இருந்தும், அவனைச் சூழ்ந்த தாய்மாரிடம் இருந்தும், பச்சிளங் குழந்தைகளைப் பிடிக்கும் கிரகங்கள், அதாவது பிடித்து வருத்தும் ஆவிகள், தோன்றுகின்றன. சுசுருத சங்கிதை என்ற மருத்துவ நூல் குழந்தை நோய்களைச் சொல்லும்போது ஸ்கந்தக் கிரகத்தை முதலில் வைக்கிறது. பிடிப்பவரையே வழிபட்டால் காப்பார் என்பது அங்குள்ள எண்ணம். நமது சங்கப் பாடல்களிலும் மகள் மெலிந்தால் "முருகு அணங்கியது", அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான், என்று தாய் வேலன் என்ற பூசாரியை அழைத்துச் சாமியாட்டமாகிய வெறியாட்டு ஆடச் செய்கிறாள். அகநானூற்றின் 22ஆம் பாடலில் "நெடுவேட் பேணத் தணிகுவள் இவள்" என்று குறி சொல்லும் கட்டுவிச்சியர் சொல்கிறார்கள். இரு நிலங்களிலும் அச்சமும் அருளும் ஒரே தெய்வத்திடம் இருந்தன என்பதை அறிந்தபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன்.

பனங்கூடல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. யானைத் தலைதான் தாரகன் என்றதும் மகள் எழுந்தே நின்றுவிட்டாள். அவளுக்கு இப்போது மேலும் இரண்டு ஐயங்கள். பழைய "சூரை"யும் வடக்கின் தாரகனையும் அண்ணன் தம்பியாக்கியது கச்சியப்பர் தாமாகச் செய்ததா? அடுத்தது, வடக்கில் பல இடங்களில் கார்த்திகேயரைப் பிரமசாரியாகவே வழிபடுகிறார்கள் என்று வாசித்திருக்கிறாள். எமக்கோ வள்ளியும் தெய்வயானையும் இல்லாமல் முருகனை நினைக்கவே முடியாது. இது எப்படி?

புராணத்திண்ணை எழுதியது:

எங்கள் கோயிலில் புராணபடனத்தில் பயன் சொல்லி வருகிறேன். என் தகப்பனார் வாசிப்பவராக இருந்தார். அவர் செய்யுளை இராகத்தோடு வாசித்து நிறுத்த, பக்கத்தில் இருந்த பெரியவர் சொல் சொல்லாகப் பிரித்துப் பயன் சொல்வதைச் சிறுவனாக மடியில் இருந்து கேட்டவன். யாழ்ப்பாணத்துச் சைவத்தைக் "கந்தபுராணக் கலாசாரம்" என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறிப்பிட்டது இந்தத் திண்ணைகளை மனத்தில் கொண்டுதான்.

முதல் ஐயத்துக்கு: கச்சியப்பர் தம் நூலை வடமொழிக் காந்தபுராணத்தின் சங்கர சங்கிதையில் உள்ள சிவரகசிய கண்டத்தின் வழிநூலாகவே அமைத்தார். காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த மூன்று புதல்வர், 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம், கடல் நடுவே வீரமகேந்திரபுரம் என்ற அமைப்பெல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் கதையின் முடிவுக்கு வரும்போது அவர் கையில் இருப்பது ஏட்டுவாசகன் ஐயா காட்டிய கடலும் மாமரமும்தான். 10,345 செய்யுள்களின் அளவுக்கு விரிந்த நூலில், குன்றக்குரவையின் நான்கு அடிகள் கரையாமல் நிற்கின்றன.

வடமராட்சி வரலாறு அவர்களின் செய்திகளை மதித்து வாசித்தேன். "சேர்க்கை" என்ற சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர்களும் வடிவங்களும் காலத்தில் சேர்ந்தன என்பது வரலாறு. அதை மறுக்க நான் படித்தவனல்லன். ஆனால் திரு அவதாரப் படலத்தில் "அருவமும் உருவும் ஆகி அநாதியாய்ப் பலவாய் ஒன்றாய்" என்று தொடங்கும் செய்யுளை வாசித்து நிறுத்தும்போது, கச்சியப்பரே இந்தக் கேள்வியை அறிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றும். பலவாய் இருப்பதும் ஒன்றாய் இருப்பதும் அவருக்கு முரண் அன்று. அநாதியான பொருள் "உலகம் உய்ய" ஒரு வடிவம் கொண்டு உதித்தது என்கிறார். சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

மகளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. தாரகனா சூரனா என்ற கேள்வியிலும் பெரியது என்று நான் நினைப்பது. வடமொழிக் காவியங்களில் அசுரன் கொல்லப்படுகிறான், கதை முடிகிறது. கந்தபுராணத்தில் சூரன் கொல்லப்படுவதில்லை. போரின் இறுதியில் முருகன் தன் பேருருவைக் காட்டும்போது, அதுவரை "பாலன்" என்று இகழ்ந்த சூரனே சொல்கிறான்:

"கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப்
பாலனென் றிருந்தேன் அந்நாள் பரிசிவை உணர்ந்தி லேன்யான்
மாலயன் தனக்கும் ஏனை வானவர் தமக்கும் யார்க்கும்
மூலகா ரணமாய் நின்ற மூர்த்திஇம் மூர்த்தி அன்றோ"

இந்தச் செய்யுளைப் படனத்தில் வாசிக்கும் இரவில் மண்டபத்தில் ஒருவரும் அசைய மாட்டார்கள். பகைவன் வாயால் வரும் துதி இது. ஆனால் பேருருவம் மறைந்ததும் அந்த ஞானமும் அவனை விட்டு மறைகிறது. பழைய சினம் திரும்பி வருகிறது. இருளாய் நிற்கிறான், பின் கடல் நடுவே மாமரமாய் நிற்கிறான். வேல் அதை இரு கூறாக்க, அவை சேவலும் மயிலுமாய்ச் சினத்தோடு பாய்ந்து வருகின்றன. முருகன் அருளோடு நோக்க, அவை கொடியும் ஊர்தியும் ஆகின்றன. படலத்துக்குச் சூரபன்மன் வதைப் படலம் என்று பெயர் இருந்தாலும், அதற்குள் நடப்பது இதுதான்.

உயிரைக் கட்டும் மூன்று மலங்களில் தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபத்மன் ஆணவம் என்று எங்கள் பெரியவர்கள் பயன் சொல்வார்கள். மாயையும் கன்மமும் நீங்கும். ஆணவமலம் அழிவதில்லை, அதன் வலி மட்டுமே அடங்கும் என்பது சித்தாந்தம். அதனால்தான் தம்பியர் மடிய, அண்ணன் மட்டும் மயிலாய் முருகனைச் சுமந்துகொண்டு நிற்கிறான். சில கணங்கள் உண்மையை அறிந்தும் அதைக் கைவிட்ட அந்தச் சூரனை நினைத்து நான் பயன் சொல்லும்போதே குரல் தளர்ந்ததுண்டு.

கீரிமலைக் காற்று எழுதியது:

வள்ளி, தெய்வயானை பற்றிய ஐயத்துக்கு யாரும் பதில் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

மகாபாரதத்தில் ஸ்கந்தனுக்கு மனைவி உண்டு: தேவசேனை. தேவர்களின் சேனைக்கு அவன் பதி என்பதும், தேவசேனை என்ற பெண்ணுக்கு அவன் பதி என்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. வன பர்வம் அவளுக்குச் சஷ்டி என்றும் பெயர் சொல்லி, ஸ்கந்தன் எண்ணம் நிறைவேறியவனானதால் சஷ்டி பெருநாள் ஆயிற்று என்கிறது. ஆக, நாங்கள் விரதம் இருக்கும் திதியின் பெருமை அந்த இதிகாசத்திலும் உண்டு என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். சேனையைச் சொல்லளவில் மட்டும் மனைவியாகக் கொண்டவர்கள் அவனைப் பிரமசாரியாக வைத்து வழிபட்டார்கள். மகாராஷ்டிரம் முதலிய இடங்களில் அந்த வழக்கு இன்றும் இருக்கிறது. தமிழில் தேவசேனை தெய்வயானை ஆனாள், ஐராவதம் வளர்த்த இந்திரன் மகள் ஆனாள். சேனை யானையாகிய இந்த ஒலிமாற்றமும் வளர்த்த யானையின் கதையும் ஒன்றோடொன்று எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டன என்று பாருங்கள்.

வள்ளியோ தமிழ் நிலத்துப் பெண். நற்றிணையின் 82ஆம் பாடலில் ஒரு தலைவன் தன் காதலியைப் பார்த்து "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" என்கிறான். ஒரு காதலன் தன் பேச்சில் உவமையாக எடுத்தாளும் அளவுக்கு அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மிகவும் விருப்பமானது பரிபாடலின் ஒன்பதாம் பாடல். குன்றம்பூதனார் பாடியது. தெய்வயானை கற்புமணத்தின் பக்கமும் வள்ளி களவுமணத்தின் பக்கமுமாக நிற்கிறார்கள். அவர்களுடைய தோழியர் பரங்குன்றத்தில் மாலைகளாலும் பந்துகளாலும் ஒருவரையொருவர் அடித்துப் பூசலிடுகிறார்கள். மறை ஓதும் புலவரை அழைத்து, "காதற் காமம் காமத்துச் சிறந்தது" என்று குன்றம்பூதனார் வள்ளியின் பக்கம் பேசுகிறார். வடக்கும் தெற்கும் ஒரே இறைவன் மார்பில் சந்தித்த காலத்தில், அந்தச் சந்திப்பை இரு பெண்களின் ஊடலாக அந்தப் புலவர் கண்டிருக்கிறார்.

கதிர்காமத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஆடித் திருவிழாவின்போது இரவு இரவாகப் பெரிய கோயிலில் இருந்து சுவாமி போவது வள்ளியம்மன் கோயிலுக்குத்தான். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கால்நடையாக அங்கே போகும் அடியார்களோடு ஒருமுறை நானும் சில நாட்கள் நடந்தேன். வழியில் ஒரு வயதான அம்மா, "பெம்பிளையைப் பார்க்க அவர் போறார், நாங்கள் பின்னாலை போறம்" என்றார். நற்றிணையில் அந்தக் காதலன் சொன்னதும் இதுவேதான்.

பனங்கூடல் எழுதியது:

எல்லோர் எழுத்தையும் மகளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வரும் கந்தசஷ்டி ஆறு நாட்களும் ஒவ்வொரு இரவும் கந்தபுராணத்தில் சிறிது வாசிப்பதாக இருவரும் தீர்மானித்திருக்கிறோம். முழு நூலும் ஆறு நாளில் முடியாது. புராணத்திண்ணை ஐயா, எந்தப் படலங்களை எடுக்கலாம்?

புராணத்திண்ணை எழுதியது:

முதல் நாள் திரு அவதாரப் படலம். இரண்டாம் நாள் தாரகன் வதைப் படலம். யானைத் தலைக்கு உரியவனை மகள் அங்கே சந்திக்கட்டும். மூன்றாம் நாள் மகேந்திர காண்டத்தில் வீரவாகு தூது போகும் பகுதியை எடுங்கள். நான்காம் நாள் சிங்கமுகாசுரன் வதைப் படலம். ஐந்தாம், ஆறாம் நாட்களைச் சூரபன்மன் வதைப் படலத்துக்கு ஒதுக்குங்கள்; அது நீளமானது, அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. ஏழாம் நாள் பாறணைக்குப் பின் தெய்வயானையம்மை திருமணம். வள்ளியம்மை திருமணத்தை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். அதை எங்கள் கோயிலில் படனம் நிறைவாகும் நாளில்தான் வாசிப்போம். அன்றைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.